யார் வைத்த மருந்து?

உண்ட சோற்றை அரைக்கும்படி இரைப்பைக்கு நாம் ஆணையிட்டதுண்டா? "நான் உறங்கப் போகிறேன், நீ மட்டும் துடித்துக்கொண்டிரு" என்று நெஞ்சிடம் சொல்லிவிட்டுத்தான் பாயில் சாய்கிறோமா? வெயிலில் நடந்தால் வியர்வை துளிர்க்கிறது. இருட்டில் நுழைந்தால் கண்ணின் பாவை விரிகிறது. படுத்திருந்தவர் எழுந்து நின்றதும், அரை லிட்டருக்கும் மேற்பட்ட குருதி கால் பக்கமும் வயிற்றுப் பக்கமும் இறங்கப் பார்க்கிறது. இறங்கவிடாமல் குழாய்களை இறுக்கி, நெஞ்சின் துடிப்பைச் சற்றே கூட்டி, மூளைக்கு வேண்டிய பங்கை ஏற்றி அனுப்பிவிடுகிறது உடல். கையை நீட்டுவதும் காலை மடக்குவதும் நம் ஏவல். இவையோ ஏவாமல் நடக்கும் வேலைகள். ஏவாமல் நடப்பவை ஆதலால் அவற்றை எண்ணிப் பார்ப்பாரும் இல்லை.

எண்ணிப் பாராத ஒன்று கெட்டுப்போனால் என்ன ஆகும்? அதைப் பற்றித்தான், தோழர்களே, இன்று எழுதுகிறேன். கால் முறிந்தவன் ஏன் முறிந்தது என்று குறி கேட்கப் போவதில்லை. மரத்திலிருந்து விழுந்ததை ஊரே பார்த்தது. ஆனால் உள்ளுறுப்புகளை ஆளும் நரம்பு பழுதுபட்டால் காயம் தெரிவதில்லை, வீக்கம் தெரிவதில்லை. நின்றவன் சாய்கிறான், உண்டது செரிப்பதில்லை. பார்ப்பவர்க்குக் காரணம் புலப்படவில்லை. உடனே ஒரு காரணம் கற்பிக்கப்படுகிறது. அந்தக் கற்பனைக்குக் கையும் காலும் முளைத்து, அது திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் நடந்து, கடைசியில் ஒரு மனிதரைச் சுட்டிக்காட்டி நிற்கிறது. என் மாமன் வீட்டில் அது சுட்டிக்காட்டியது ஒரு பெண்ணை.

என் தாய்மாமன் அச்சுக் கோப்பவர். காவிரிக் கரையிலே ஒரு சிற்றூர் அச்சகத்தில், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, முப்பதாண்டுக் காலம் நின்றே உழைத்தவர். மன்றத்தார் நடத்தும் கூட்டத்தின் துண்டறிக்கையும் அவர் கையால் கோத்ததுதான்; மாரியம்மன் திருவிழா அழைப்பும் அவர் கையால் கோத்ததுதான். கேட்டால், "எழுத்துக்கு ஏது மருமகனே மதம்? எல்லாம் ஒரே ஈயம்" என்று சிரிப்பார். கணிப்பொறி வந்தது, அச்சகம் 1996-இல் மூடப்பட்டது. நீரிழிவு அதற்குப் பத்தாண்டு முன்னரே வந்துவிட்டது. ஆனால் அதை அவர் ஒரு நோயாக மதித்தாரில்லை. "சர்க்கரைதானே!" என்பார், ஏதோ வீட்டுக்கு வந்துபோகும் உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல.

1999-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது தொல்லை. காலையில் எழுந்து நின்றதும் கண் இருண்டு சுவரைப் பற்றிக்கொள்வார். சில நாள் சுவர் கைக்கு எட்டாமல் விழுந்துவிடுவார். நண்பகலில் உண்ட சோறு இரவில் வாந்தியாக வரும், பருக்கை பருக்கையாக, இலையிலிட்டபடியே. நான்கு நாள் மலச்சிக்கல். ஐந்தாம் நாள் நள்ளிரவில் அடக்கவொண்ணாத வயிற்றுப்போக்கு. உண்ண உட்கார்ந்தால் நெற்றியும் முகமும் கழுத்தும் மழையில் நனைந்தாற்போல வியர்வை ஓடும். பாதமோ கோடைக்கால வயல்போல வறண்டு வெடித்துக் கிடக்கும். ஊர் மருத்துவர் ஒருவர் வாயு என்றார், மாத்திரை கொடுத்தார், அதே மாத்திரையை எட்டு மாதம் கொடுத்தார்.

என் அத்தைக்கு அந்த எட்டு மாதம் போதுமானதாயிருந்தது. உண்டது உண்டபடியே வெளிவருகிறதென்றால் உள்ளே ஏதோ தடுக்கிறது. தடுப்பது எதுவென்றால் யாரோ சோற்றில் வைத்த மருந்து! இடுமருந்து என்று நம் ஊர்ப்புறத்தில் சொல்வார்களே, அது. பேருந்து நிலையத்துக்கு எதிரே பலகை தொங்கிக்கொண்டிருந்தது: 'இங்கே இடுமருந்து எடுக்கப்படும்.' அழைத்துச் சென்றார். அந்த வித்தைக்காரன் மாமாவை மல்லாத்திப் படுக்கவைத்து, வயிற்றின்மேல் ஒரு குழாயை வைத்து, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சினான். சற்றுப் பொறுத்துத் தட்டில் துப்பினான். முடியும் பருக்கையும் பிசினும் கலந்த கறுத்த உருண்டை ஒன்று! தோலில் துளையில்லை, குடலில் கீறலில்லை, குழாய் வழியே உருண்டை வருகிறது! வந்த இடம் வயிறன்று, அவன் கன்னத்துக் கதுப்பு. உடனிருந்த எனக்கு அது விளங்கியது, அங்கேயே சொன்னேன். அத்தையின் கண்கள் தட்டிலிருந்து அகலவில்லை.

ஐந்நூறு ரூபாயும் ஒரு சேவலும் வாங்கிக்கொண்டவன், போகிறபோக்கில் ஒரு கேள்வி கேட்டான். "வீட்டில் வேற்றுக் கை சமைக்கிறதா?"

இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது அந்தத் தொழிலின் திறமை முழுவதும். குழாயும் உருண்டையும் வெறும் கண்கட்டு. எந்த வீட்டில் எந்தப் பெண்மீது ஏற்கெனவே முணுமுணுப்பு இருக்கிறதோ, அந்தப் பெண்மீது பழி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அவன் பெயர் சொல்ல வேண்டியதில்லை. மாமாவின் மகன், என்னினும் இளையவன், சாதி கடந்து பதிவுத் திருமணம் செய்துகொண்டவன். அவன் மனைவி, ஊரார் 'கீழ்' என்று ஒதுக்கிவைத்த தெருவில் பிறந்தவள். அந்தப் பெண் வீட்டுக்கு வந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. மாமா அவளை மகளே என்றுதான் அழைப்பார். அத்தை பெயர் சொல்லியும் அழைத்ததில்லை. 'வேற்றுக் கை' எது என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை.

மறுநாளே அடுக்களை அவளுக்கு மூடப்பட்டது. பிறகு தண்ணீர்ப் பானை. பிறகு அவள் கையால் தொட்ட பழத்தைப் பேரப்பிள்ளைக்குக் கொடுப்பதா என்ற கேள்வி. அந்தப் பிள்ளை அவள் பெற்ற பிள்ளை என்பது யாருக்கும் நினைவில்லை போலும்! நான் போயிருந்தபோது கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "அண்ணா, அந்த ஆள் மாமா வயிற்றிலிருந்து எதையும் எடுக்கவில்லை. நான் பிறந்த தெருவைத்தான் உறிஞ்சி எடுத்துத் தட்டில் துப்பிக் காட்டினான்" என்றாள். எத்தனையோ மேடைப் பேச்சுகளை நான் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு வரி கேட்டதில்லை.

மாமாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இளம் பெண் மருத்துவர் ஒருவர். வாயு என்று அவர் தொடங்கவில்லை. பத்து நிமிடம் படுக்கச் சொன்னார்; இரத்த அழுத்தத்தை அளந்தார்: 150. எழுந்து நிற்கச் சொன்னார். ஒரு நிமிடத்தில் அளந்தார், மூன்றாம் நிமிடத்தில் மீண்டும் அளந்தார்: 98. நிற்கும்போது மேல் அழுத்தம் 20 குறைந்தாலே அது ஒரு குறைபாடு, இங்கே 52! இவ்வளவு சரிந்தால் நெஞ்சு பதறி வேகமாகத் துடிக்க வேண்டும். மாமாவின் நெஞ்சோ தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதுபோல அதே நடையில் நடந்துகொண்டிருந்தது. அடுத்து, இதயத் துடிப்பைத் தாளில் வரையும் கருவியை மாட்டி, நிமிடத்துக்கு ஆறு முறையாக ஆழ்ந்து மூச்சுவிடச் சொன்னார். நல்ல உடலில் மூச்சை இழுக்கையில் துடிப்பு விரையும், விடுகையில் தணியும். இரண்டுக்கும் இடையே நிமிடத்துக்குப் பதினைந்துக்குக் குறையாத வேறுபாடு இருக்கும். மாமாவின் தாளில் கோடுகள் சீரான இடைவெளியில், அவர் கோத்த எழுத்துகளைப்போல வரிசையாக நின்றன. கடிகாரம்போலத் துடிக்கும் நெஞ்சு நல்ல நெஞ்சு என்று கவிஞர்கள் சொல்லலாம். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. ஆட்டுவிக்கும் நரம்பு செத்துப்போனால்தான் நெஞ்சு கடிகாரமாகும் என்றார்.

அச்சுத் தொழிலாளி என்றறிந்ததும் ஈயத்தைப் பற்றியும் வினவினார். ஈயமும் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. எத்தனை ஆண்டு, எப்போது விட்டீர்கள், மணிக்கட்டு தொங்கியதுண்டா என்றெல்லாம் கேட்டு, அதை ஒதுக்கினார். பிறகு எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மாமாவிடம் மட்டும் பேசினார். என்ன கேட்டார் என்பதை மாமா நெடுநாள் கழித்து என்னிடம் கூறினார்: சிறுநீர்ப்பை நிறைந்தது தெரிகிறதா, ஆண்மை எப்போதிலிருந்து தளர்ந்தது. பத்தாண்டுகளாக மனைவியிடமும் வாய்விட்டுச் சொல்லாததை, மகள் வயதுள்ள அந்த மருத்துவரிடம் அன்று சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்த மருத்துவர் அத்தையிடம் சொன்னது இரண்டே வாக்கியம். "அம்மா, இவர் வயிற்றில் யாரும் எதையும் வைக்கவில்லை. வைத்த சோற்றைக் கீழே தள்ளும் நரம்பை நீரிழிவு தின்றுவிட்டது."

அந்த நரம்புகளின் கதையைச் சிறிது சொல்லத்தான் வேண்டும். 1898-இல் அவற்றுக்குப் பெயர் சூட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து உடலியல் அறிஞர் லாங்லி. அவர் இட்ட பெயரின் பொருள் 'தன்னாட்சி நரம்புகள்.' தன்னாட்சி என்றதும் நம் தோழர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள்! அரசியலன்று, உடலுக்குள்ளே நடக்கும் தன்னாட்சி. அதில் இரு அணிகள்: நெஞ்சை விரைவுபடுத்தி, குழாய்களை இறுக்கி, வியர்வையைச் சுரக்கச் செய்வது ஓரணி, நெஞ்சைத் தணித்து, இரைப்பையையும் குடலையும் இயக்குவது மற்றோரணி. முன்னதைப் பரிவு நரம்புகள் என்றும் பின்னதைத் துணைப்பரிவு நரம்புகள் என்றும் பாட நூல்கள் கூறும்.

நரம்பு எப்படி நெஞ்சோடு பேசுகிறது? ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி என்ற அறிஞருக்கு இந்தக் கேள்வி. ஓரிரவு கனவில் விடை தோன்றியது. விழித்துத் தாளில் கிறுக்கினார். காலையில் தம் எழுத்தைத் தாமே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்ப வந்தது. நம் ஊராயிருந்தால் என்ன நடந்திருக்கும்? கனவில் வந்து காட்சி கொடுத்ததாகத் தலபுராணம் எழுதி, ஒரு தவளைக்குக் கோபுரமும் எழுப்பியிருப்போம்! லோவி நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அது மெதுவாகத் துடித்தது. அதைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து, நரம்பில்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது! நரம்பின் முனையில் ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது, அதுவே சேதி சொல்கிறது என்பது 1921-இல் இவ்வாறு உலகுக்குத் தெரிந்தது. 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1938-இல் நாசிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும், யூதர் என்பதற்காக அவரைச் சிறையிலிட்டு, பரிசுப் பணத்தையும் பறித்துக்கொண்டு நாட்டை விட்டுத் துரத்தினார்கள். பிறந்த தெருவைப் பார்த்துப் பழி சுமத்துவது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று போலும்.

அந்த வேகஸ்தான் தன்னாட்சி நரம்புகளுள் மிக நீளமானது. மூளையின் அடியில் புறப்பட்டு நெஞ்சையும் இரைப்பையையும் தொட்டுக் குடல்வரை செல்கிறது. நீரிழிவு நீண்ட நரம்பையே முதலில் தாக்கும். குருதியில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால், நரம்புக்கு உணவூட்டும் மயிரினும் மெல்லிய குழாய்கள் தடித்து அடைபடுகின்றன. நரம்பணுவுக்குள்ளும் வேதிமாற்றங்கள் தாறுமாறாகின்றன. நரம்பு பட்டினி கிடந்து சாகிறது. பாதத்தில் எரிச்சல் தோன்றினால் நோயாளி சொல்வார். வேகஸ் சாகும்போது எரிச்சல் இல்லை. எனவே சொல்வாரும் இல்லை.

நீரிழிவு ஒன்றுதான் காரணமா என்றால், இல்லை. உலகில் மிகுதியாகக் காணப்படும் காரணம் அது. ஆனால் காரணங்கள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இரண்டும் நமக்குத் தொலைவான நாடுகளில் நடந்தவை.

பிரேசிலின் உள்நாட்டிலே லாசான்ஸ் என்ற சிற்றூர். இருப்புப் பாதை போடும் தொழிலாளரிடையே மலேரியாவை ஒழிக்கச் சென்றவர் கார்லோஸ் சாகஸ் என்ற இளம் மருத்துவர். மண் சுவரும் கூரையும் கொண்ட குடிசைகளில், சுவர் வெடிப்பில் பதுங்கிக் கிடந்து, இரவில் வந்து உறங்குவோர் முகத்தில் கடிக்கும் பூச்சி ஒன்றை அவருக்குக் காட்டினார்கள். முகத்தில் கடிப்பதால் 'நாவிதன்' என்று அதற்கு ஊரார் இட்ட பெயர். அதன் குடலில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். 1909-இல் அதே ஒட்டுண்ணியை இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் குருதியிலும் கண்டார். அந்த ஒட்டுண்ணி உடனே கொல்வதில்லை. பத்தாண்டு, இருபதாண்டு கழித்து, நெஞ்சிலும் உணவுக்குழாயிலும் பெருங்குடலிலும் உள்ள நரம்பணுக்கள் அழிந்து, உணவுக்குழாய் பைபோல உப்பி, விழுங்கிய உணவு தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும். 1950-களில் ரிபெய்ரோ பிரேட்டோ நகரில் கேபர்லே என்ற நோய்க்கூற்று அறிஞர், இறந்தவர்களின் உறுப்புச் சுவர்களில் நரம்பணுக்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார், எண்ணிக்கை குறைந்திருந்தது. மந்திரமன்று, எண்ணிக்கை! அந்த நோய்க்குக் காரணம் ஒட்டுண்ணி என்பது பாதி விடைதான். வெடித்த மண் சுவர் என்பது மீதி விடை. செங்கல் சுவருக்குப் பூச்சுப் பூசி வாழ்ந்தவர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. தம் நாட்டுக் குடிசைகளின் இழிநிலையை உலகறியச் செய்கிறான் என்று சாகஸ்மீது அந்நாட்டு மருத்துவப் பெரியவர்கள் சிலர் சீறினார்கள். ஆயினும் குடிசைகளில் மருந்தடித்துப் பூச்சியை ஒழித்ததன் பயனாக, முதன்மையான பூச்சியினத்தால் நோய் பரவுவது நின்றுவிட்டதென்று 2006-இல் பிரேசிலுக்குச் சான்று வழங்கப்பட்டது.

மற்றொன்று போர்ச்சுக்கல். போவோவா தெ வார்சிம் என்ற மீனவர் ஊரிலிருந்து 1939-இல், 37 வயதுப் பெண் ஒருவர் போர்ட்டோ நகர மருத்துவர் கொரினோ தெ அந்திராதெயிடம் வந்தார். கால் மரத்துவிட்டது, சூடு தெரியவில்லை, வயிறு ஒழுங்காக இல்லை. ஊரில் அந்த நோய்க்கு 'சின்னப் பாதங்களின் நோய்' என்று பெயர் இருந்தது. பெயர் வைக்கும் அளவுக்கு அது அங்கே பலர்க்கும் பழகிய நோய்! முப்பது வயதில் தொடங்கி, பாதம் மரத்து, நின்றால் மயங்கி, குடல் கெட்டு, உடல் வற்றி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சாவு. தந்தைக்கு வந்தது மகனுக்கு, தாய்க்கு வந்தது மகளுக்கு. 'குலசாபம்' என்று முத்திரை குத்த இதைவிட வாய்ப்பு வேறென்ன வேண்டும்? அந்திராதெ குடும்பம் குடும்பமாகத் தேடிப் பதிந்து 1952-இல் வெளியிட்டார். சாபத்தின் முகவரி பின்னர் தெரிந்தது: ஈரல் செய்யும் ஒரு புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிவிட்டது, உருமாறிய அந்தப் புரதம் நரம்பில் படிந்து படிந்து அதைக் கொன்றது. ஈரலில் பிழை என்றால் ஈரலை மாற்றிப் பார்ப்போம் என்று சுவீடனில் 1990-இல் மாற்றினார்கள். புரதத்தைச் சிதையாமல் காக்கும் மாத்திரை 2011-இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. பிறப்பால் வருவது மாற்றவொண்ணாதது என்று நம்மிடம் ஓதிவந்தவர்கள் இந்த வரலாற்றைப் படிப்பது நலம்.

ஏனையவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். நெடுநாள் குடி உள்நரம்புகளைக் கெடுக்கும். வைட்டமின் பி12 குறைந்தாலும் கெடும்; அது பாலிலும் முட்டையிலும் மீனிலும் இறைச்சியிலும் உண்டு, காய்கறியில் இல்லை. புலாலைப் பழிக்கும் பெருமக்கள் கவனிப்பார்களாக! நீரிழிவுக்கு உண்ணும் மெட்ஃபார்மின் மாத்திரையே ஆண்டுக்கணக்கில் இந்த வைட்டமினைக் குறைக்கக்கூடும் என்பதால், நோயாளிகள் அதையும் ஆய்ந்து பார்க்கச் சொல்லுதல் நன்று. நம் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தீர்க்கிறது. அதே மருந்து குடலின் நரம்பைத் தளர்த்திக் கடும் மலச்சிக்கலையும் தருகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழி தவறி நரம்பைத் தாக்குவதும் உண்டு. கைநடுக்க நோயான பார்க்கின்சனில், கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே குடலின் நரம்புகள் கெட்டு மலச்சிக்கல் தோன்றிவிடுகிறது. தொழுநோய்த் தேமலில் வியர்வை துளிர்ப்பதில்லை. சில வேளைகளில் எல்லாச் சோதனையும் செய்து, காரணம் ஒன்றும் அகப்படாமல் மருத்துவர் கைவிரிப்பதும் உண்டு. காரணம் இன்னும் அகப்படவில்லை என்று ஒப்புக்கொள்பவரை நான் மதிக்கிறேன். அகப்படாத இடத்தில் உருண்டையைத் துப்புகிறவனைத்தான் மதிக்க முடியவில்லை.

மாமாவுக்கு வருவோம். செத்த நரம்பை உயிர்ப்பிக்கும் மருந்து இல்லை என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். செய்யக்கூடியவை இருந்தன. படுக்கையிலிருந்து உடனே எழாமல் கால்களை அசைத்து, விளிம்பில் சற்று உட்கார்ந்து, பிறகு நிற்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும். ஒரே வேளையில் வயிறார உண்பதை விட்டுச் சிறிது சிறிதாக, குழைந்த உணவாக ஆறு வேளை உண்ண வேண்டும். மணி பார்த்துச் சிறுநீர் கழிக்க வேண்டும். மற்றொரு கண்டிப்பும் செய்தார். சர்க்கரை மிகத் தாழ்ந்தால் மற்றவர்க்குப் படபடப்பும் வியர்வையும் வந்து எச்சரிக்கும். இவருக்கு அந்த எச்சரிக்கை மணி அறுந்துவிட்டது. எனவே மருந்து போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது கூடாது, அமாவாசை விரதம் உட்பட.

ஆறு வேளைக் குழைந்த உணவு! யார் ஆக்குவது? அத்தைக்கு முழங்கால் வலி. அடுக்களைக் கதவு அப்படித்தான் திறந்தது. மன்னிப்பு ஒன்றும் கேட்கப்படவில்லை. முதல் ஒரு மாதம் அத்தை மணையைப் போட்டு அடுப்பருகிலேயே உட்கார்ந்து, மருமகளின் கையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வாந்தி குறைந்தது. இரண்டாம் மாதம் மணை காணப்படவில்லை. பகுத்தறிவு ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்று என்னைக் கேட்டால், முழங்கால் வலியின் துணையோடும் நுழைவதுண்டு என்பேன். அந்தப் பெண் அந்த ஓராண்டை மறந்தாளா என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்கு உரிமையில்லை.

மாமா ஆறாண்டு வாழ்ந்தார். 2005-இல் ஒரு விடியற்காலை, "கொஞ்சம் மூச்சு வாங்குகிறது" என்றார். நெஞ்சு வலிக்கிறதா என்றதற்கு இல்லையென்று தலையசைத்தார். மாரடைப்பு முதல் நாளே வந்துபோயிருந்தது. வலியைச் சுமந்து செல்ல வேண்டிய நரம்பும் செத்துவிட்டபடியால் அது ஓசையின்றி வந்துபோயிருந்தது. எடின்பரோ நகர மருத்துவர்கள் ஈவிங்கும் அவர் தோழர்களும் 1980-இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னர் படித்தேன். தன்னாட்சி நரம்புச் சோதனைகளில் தவறிய நீரிழிவு நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுக்குள் இறந்திருந்தார்கள். மாமா அந்தக் கணக்கை ஓராண்டு வென்றார் என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்கூட்டியே தடுத்திருக்க முடியுமா? பெருமளவு முடியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு கொண்ட 1441 பேரிடம் நடத்தி 1993-இல் முடிவு கூறிய ஆய்வில், தொடக்கத்திலிருந்தே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களிடம் நரம்புப் பழுது வெகுவாகக் குறைந்திருந்தது. மாமாவுக்கு வந்தது இரண்டாம் வகை. அதில் சர்க்கரையை மட்டும் அடக்கினால் போதாது. இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை எல்லாவற்றையும் சேர்த்து அடக்க வேண்டும் என்பதை டென்மார்க்கில் 160 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளிவந்த நாடளாவிய கணக்கெடுப்பு கூறியது. அவர்களுள் எத்தனை பேரை எந்த மருத்துவர் நிற்கவைத்து அழுத்தம் அளந்தார்? உட்காரவைத்து அளப்பதே வழக்கமாகிவிட்டது. உட்கார்ந்திருக்கும்வரை மாமாவின் அழுத்தமும் ஏறக்குறைய ஒழுங்காகத்தான் இருந்தது. படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை, மூன்று நிமிடம், செலவு ஒன்றுமில்லை. இதைக் கேட்டுப் பெறுங்கள். உங்கள் தந்தைக்காக, தாய்க்காகக் கேளுங்கள்.

ஆண்களே, உங்களுக்குத் தனியே ஒரு சொல். ஆண்மைத் தளர்ச்சி என்றதும் சுவரெங்கும் ஒட்டப்பட்டிருக்கும் லேகிய விளம்பரத்தின் பின்னால் ஓடுகிறீர்கள். பல நேரங்களில் அது உள்நரம்பும் குருதிக் குழாயும் எழுப்பும் முதல் குரல். நெஞ்சுக்கு வரவிருக்கும் தீங்கின் முன்னறிவிப்பு. மாமா பத்தாண்டு அதை மறைத்தார். அவரிடம் அதைக் கேட்ட மருத்துவரும் பத்தாண்டில் ஒருவர்தான்.

தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தொடங்கியதும், எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். சர்க்கரையும் அழுத்தமும் பார்த்தார், வீட்டுத் திண்ணையிலேயே மாத்திரை கொடுத்தார். அத்தையும் கையை நீட்டினார், அவருக்கும் சர்க்கரை. "என்னை நிற்கவைத்தும் ஒரு தடவை பாரம்மா" என்று அவரே கேட்டதாக மருமகள் என்னிடம் தொலைபேசியில் கூறினாள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே போன மாதம் போயிருந்தேன். பலகை அங்கேயே இருக்கிறது. புதிதாக வண்ணம் பூசியிருக்கிறார்கள். கீழே கைபேசி எண்ணும் சேர்ந்திருக்கிறது.